எதையும் தாங்கும் வண்டி

ஜீப் கம்பெனி 2018 மாடலாகக் கொண்டுவந்த கிராண்ட் செரோக்கி டிராக்ஹாக் காரின் என்ஜின் 707 குதிரைத்திறன் கொண்டது. நின்ற இடத்திலிருந்து மணிக்கு 60 மைல் வேகத்தை மூன்றரை விநாடியில் தொடும் என்று விளம்பரம் செய்தார்கள். கார் உலகத்தில் ‘பெர்ஃபாமன்ஸ்’ என்றால் இதுதான். வருசநாட்டில் போய் “ஜீப்போட பெர்ஃபாமன்ஸ் எப்படிண்ணே?” என்று கேட்டால் விநாடிக் கணக்கு வராது. எத்தனை ஆள் ஏறும், எத்தனை மூட்டை இழுக்கும், ஓடையில் தண்ணி வந்தா தாண்டுமா, கியரில் போட்டு விட்டா இறக்கத்தில் பிடிச்சு நிக்குமா. கேள்விகள் வேறு, பதில்களும் வேறு.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. அங்கே ஜீப் என்பது கம்பெனி பெயரே கிடையாது. மகிந்திரா கமாண்டர் ஜீப், மேஜர் ஜீப், டிராக்ஸும் ஜீப், சில ஊர்களில் பொலீரோகூட ஜீப். உண்மையான அமெரிக்க ஜீப் கம்பெனியின் வண்டி ஒன்று வந்து நின்றால், அதை மட்டும் ‘கார்’ என்பார்கள்.

இந்தப் பெயர்க் குழப்பம் தேனி மாவட்டத்தில் பிறந்ததல்ல, அமெரிக்காவிலேயே வண்டியோடு சேர்ந்து பிறந்தது. 1940-ல் அமெரிக்க ராணுவம் சின்னதாக, லேசாக, நான்கு சக்கரமும் இழுக்கிற ஒரு வண்டி வேண்டும் என்று 135 கம்பெனிகளுக்குக் கடிதம் அனுப்பியது. முதல் மாதிரிக்கு 49 நாள் கெடு. அமெரிக்கன் பாண்டம் என்ற நொடித்துப்போன சின்ன கம்பெனி, கார்ல் ப்ரோப்ஸ்ட் என்ற என்ஜினியரை வைத்து வரைபடம் போட்டு, வண்டியைக் கட்டி, செப்டம்பர் 23 அன்று கெடுவுக்குள் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. ராணுவத்துக்கு வண்டி பிடித்தது, ஆனால் பாண்டமின் சின்னத் தொழிற்சாலையை நம்பவில்லை. வரைபடங்கள் வில்லிஸ் ஓவர்லாண்டுக்கும் ஃபோர்டுக்கும் போயின. போர் முடிவதற்குள் அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து சுமார் 6,40,000 வண்டிகள் செய்தார்கள். பாண்டம் சில ஆயிரத்தோடு நின்றுவிட்டு, ஜீப்பின் பின்னால் கட்டி இழுக்கிற டிரெய்லர் செய்யப் போய்விட்டது.

போர்க்காலத்திலேயே வில்லிஸ், ஜீப்பை உருவாக்கியது நாங்கள்தான் என்று விளம்பரம் கொடுக்க ஆரம்பித்தது. அமெரிக்க வர்த்தக ஆணையம் விசாரித்து, 1948-ல் அப்படிச் சொல்லக் கூடாது என்றது. ஆனாலும் 1950-ல் ‘ஜீப்’ என்ற பெயர் வில்லிஸின் பதிவுபெற்ற முத்திரையாகிவிட்டது. இன்று ஜீப்பின் அடையாளமாக நாம் பார்க்கும் முகப்புக் கம்பிகள், அந்தச் செங்குத்துப் பிளவுகள், ஃபோர்டு வரைந்தவை. வண்டி பாண்டமுடையது, முகம் ஃபோர்டுடையது, பெயர் சிப்பாய்கள் கூப்பிட்டது. கம்பெனி மட்டும் வில்லிஸ். அதுவும் நிலைக்கவில்லை. கைசர், ஏ.எம்.சி., கிரைஸ்லர், டைம்லர், ஃபியட் என்று கைமாறி 2021 முதல் ஸ்டெல்லாண்டிஸ். வாங்கியவர் ஒவ்வொருவருக்கும் காசு கொண்டுவந்த பெயர், செய்தவருக்கு மட்டும் ஒன்றும் தரவில்லை.

வில்லிஸுக்கு நியாயமாகச் சேரவேண்டியது ஒன்று உண்டு: என்ஜின். பார்னி ரூஸ் செதுக்கிய 2.2 லிட்டர், 60 குதிரைத்திறன் ‘கோ டெவில்’. அறுபதுதானா என்று தோன்றும். இன்றைய சாதாரண ஹேட்ச்பேக்கில் அதைவிட அதிகம். ஆனால் ஜீப்பின் வித்தை என்ஜினில் மட்டும் இல்லை, பல்சக்கரங்களில் இருக்கிறது. முதல் கியர் 2.66, டிரான்ஸ்பர் கேஸின் கீழ் கியர் 1.97, ஆக்சில் 4.88. மூன்றையும் பெருக்கினால் 25-ஐத் தாண்டும். என்ஜின் இருபத்தைந்து சுற்று சுற்றினால் சக்கரம் ஒரே ஒரு சுற்று. வேகத்தை விற்று இழுவையை வாங்குகிற வியாபாரம். மலையில் அதுதான் செல்லுபடியாகும் காசு.

இந்தியாவுக்கு இந்த வண்டி வந்த கதையில் ஒரு சுவாரசியமான ஆள் உண்டு. 1945 அக்டோபர் 2-ல் லூதியானாவில் ஆரம்பித்த கம்பெனியின் பெயர் ‘மகிந்திரா அண்ட் முகமது’. முகமது என்பது மாலிக் குலாம் முகமது. பிரிவினையில் அவர் பாகிஸ்தான் போய், அந்த நாட்டின் முதல் நிதியமைச்சராகி, பின்னாளில் கவர்னர் ஜெனரலும் ஆனார். 1948-ல் கம்பெனி ‘மகிந்திரா அண்ட் மகிந்திரா’ ஆனது. இரும்பு வியாபாரத்தில் இருந்தவர்கள் வில்லிஸோடு ஒப்பந்தம் போட்டு, பாகங்களாக வந்த முதல் 75 ஜீப்புகளை 1949-ல் பம்பாய் மசகானில் பூட்டினார்கள்.

அதற்குள் ஜீப் இங்கே ஒரு ஊழல் செய்தியும் ஆகிவிட்டது. காஷ்மீர் போருக்காக லண்டனில் தூதராக இருந்த கிருஷ்ண மேனன் சுமார் 80 லட்ச ரூபாய்க்கு ஜீப் வாங்க ஒப்பந்தம் போட, வந்து இறங்கிய 155 வண்டிகள் லாயக்கில்லை என்று புகார். சுதந்திர இந்தியாவின் முதல் பெரிய ஊழல் புகார்களில் ஒன்று அது; 1955-ல் அரசே விவகாரத்தை முடித்துவைத்தது. பத்து வருஷம் கழித்து 1965-ல் பஞ்சாபில் கேம்கரன் பக்கம் அப்துல் ஹமீது ஜீப்பில் பொருத்திய பீரங்கியை வைத்துக்கொண்டு பாகிஸ்தானின் பாட்டன் டாங்கிகளை அடித்து, உயிரையும் கொடுத்து, பரம்வீர் சக்ரா பெற்றார். புகாரில் ஆரம்பித்த பெயரை அந்த மாதிரிக் கதைகள்தான் தூக்கி நிறுத்தின.

மகிந்திரா நீண்டகாலம் செய்தது வில்லிஸின் சி.ஜே. 3பி. என்ஜின் உயரமாகிப்போனதால் பானட்டை உயர்த்திக் கட்டிய, அழகு என்று சொல்ல முடியாத மாடல். அமெரிக்காவில் 1968-ல் அதை நிறுத்திவிட்டார்கள். இங்கே அதன் முகம் தலைமுறை தாண்டி ஓடியது. வில்லிஸின் பெட்ரோல் என்ஜின் போய், டிராக்டர் குடும்பத்து டீசல் வந்தது, பிறகு பிரெஞ்சுக்காரர்களின் பியூஜோ டீசல் வந்தது. பின்பக்கத்தை நீட்டி, எதிரும் புதிருமாக பெஞ்சு சீட்டு போட்டார்கள். மூன்று நான்கு சிப்பாய்களுக்காகப் பிறந்த வண்டி, இப்படித்தான் ஊர் வண்டி ஆனது. தமிழ்நாட்டு கிராமத்துக்குள் வந்த முதல் ஜீப் அநேகமாக அரசாங்கத்தினுடையது: வனத்துறை, போலீஸ், மலேரியா ஒழிப்பு, குடும்பக் கட்டுப்பாடு. ‘ஜீப் வருது’ என்றால் யாரோ அதிகாரி வருகிறார் என்று அர்த்தம். அந்த பயம் கலந்த மரியாதை போய், ஜீப் சனங்களுடையதாக மாறியது டீசலுக்கும் பெஞ்சு சீட்டுக்கும் பிறகுதான்.

தேனியிலிருந்து கண்டமனூர், கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை வழியாக வருசநாட்டுக்கு பஸ் போகிறது. அதற்கு மேலே வைகை உற்பத்தியாகும் மலைகளில், அரசரடி, வெள்ளிமலை, பொம்மராஜபுரம் மாதிரி ஊர்களுக்கு ஜீப்தான் பஸ், லாரி, ஆம்புலன்ஸ் எல்லாம். ரேஷன் மேலே போவதும், கொட்டைமுந்திரியும் இலவங்காயும் கீழே வருவதும் அதில்தான். பிரசவ வலி வந்தாலும் அதுதான். 2021-ல் இந்த மலைகள் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் வந்த பிறகு, நல்ல ரோடு போடுவது இன்னும் சிக்கலாகிவிட்டது. ரோடு இல்லாத இடத்துக்காகப் பிறந்த வண்டிக்கு அங்கே வேலை குறையப்போவதில்லை.

மேகமலையின் மறுபக்கம் கம்பம் பள்ளத்தாக்கு. அங்கே ஜீப்பின் வேலை வேறு மாதிரி. கம்பம், கோம்பை, தேவாரம், போடி ஊர்களிலிருந்து விடிவதற்கு முன்னால் ஜீப்புகள் கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஏறும். உள்ளே பெரும்பாலும் பெண்கள். மடியில் தூக்குவாளி, தலையில் துண்டு. சாயங்காலம் அதே வழியில் இறக்கம். வண்டன்மேட்டிலும் போடியிலும் ஏலம் போகிற ஏலக்காயின் பெரும்பகுதி இந்தக் கைகள் பறித்தது, இந்த ஜீப்புகள் கொண்டுபோய்விட்ட கைகள். பெரும்பாலான வண்டிகளில் ஃபோர் வீல்கூட கிடையாது, தார் ரோட்டுக்கு அது தேவையுமில்லை. ஆனால் ஆள் கணக்கு பதினைந்து, சில நாள் அதற்கும் மேல்.

“ஜீப்பு தாங்கும்” என்பார்கள். வண்டி உண்மையிலேயே தாங்கும். ஏணி மாதிரி சட்டம், கீழே ஸ்பிரிங் பட்டை. ஒரு பட்டையைக் கூடச் சேர்த்துப் போட்டால் இன்னும் கொஞ்சம் தாங்கும். ஒடிவதில்லை, உட்கார்ந்துவிடுவதில்லை. 1940-ல் ராணுவம் கேட்ட சுமை 600 பவுண்டு, அதாவது மூன்று குவிண்டாலுக்குக் கொஞ்சம் குறைவு. அதன் வாரிசு, நீட்டிய உடம்போடு என்றாலும், பதினைந்து பேரைச் சுமந்து மலை ஏறுகிறது. இந்தப் பெயர்தான் எனக்குச் சிக்கலாகப் படுகிறது. தாங்குவதும் கவிழாமல் இருப்பதும் இரண்டு வேறு விஷயங்கள். முதலாவதில் ஜீப் உலகப் புகழ் பெற்றது. இரண்டாவதில் அதன் சரித்திரம் அவ்வளவு நல்லதில்லை.

கல்லூரியில் படித்த ஒரே ஒரு வாய்ப்பாடு போதும் இதைப் புரிந்துகொள்ள. இடது வலது சக்கரங்களுக்கு நடுவே உள்ள அகலத்தை, எடை மையத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். கிடைக்கும் எண் சின்னதாக ஆக ஆக வண்டி சீக்கிரம் சாயும். பழைய ராணுவ ஜீப்பின் சக்கர அகலம் வெறும் 49 அங்குலம். கல்லிலும் பள்ளத்திலும் போக வேண்டும் என்பதால் உடம்பு உயரம். ஆக, அந்த எண் பிறவியிலேயே சின்னது. இதற்குமேல் கூரையில் ஆளோ மூட்டையோ ஏறினால் எடை மையம் உயரும். பின்னால் படியில் நாலு பேர் தொங்கினால் முன்சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பிடிமானம் குறையும். (இலவங்காய் மூட்டை விதிவிலக்கு. பார்க்க மலை மாதிரி இருக்கும், எடை இருக்காது. போட்டோவில் பயமுறுத்துவது அது. ஆளை அடிப்பது உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் பதினைந்து பேரின் எடை.) இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டால், மொத்தப் பாரத்தையும் பிரேக் மட்டுமே பிடிக்க வேண்டும். டிரம் காய்ந்து பிரேக் பிடிக்காமல் போகும். ஜீப்புக்காரர்களுக்கே இது நன்றாகத் தெரியும், பழைய டிரைவர்கள் இறக்கத்தில் கியரை விட்டு எடுக்கவே மாட்டார்கள்.

அமெரிக்காவிலும் இதே கணக்கு ஒரு நாள் வெளியே வந்தது. 1980 டிசம்பரில் ‘60 மினிட்ஸ்’ தொலைக்காட்சி நிகழ்ச்சி, ஒரு காப்பீட்டு ஆய்வு நிறுவனம் செய்த சோதனையைக் காட்டியது. சி.ஜே. 5 ஜீப் திடீர் திருப்பத்தில் உருண்டது. சோதனை முறையே சரியில்லை என்றது கம்பெனி. அதிலும் கொஞ்சம் உண்மை உண்டு, பல முறை ஓட்டித்தான் சிலமுறை உருள வைத்தார்கள். ஆனால் சி.ஜே. 5 1983-ல் நின்றது, சி.ஜே. வரிசைக்குப் பதிலாக வந்த ராங்ளர் முன்னதைவிடத் தாழ்வாகவும் அகலமாகவும் இருந்தது. அங்கே அந்த வண்டியை ஓட்டியவர்கள் வாரக்கடைசி உல்லாசத்துக்காக வாங்கியவர்கள். அவர்களிடம் வக்கீல் இருந்தார், காப்பீடு இருந்தது, கேமரா வந்தது.

2023 ஆகஸ்ட் 25 அன்று வயநாடு தலப்புழை அருகே தேயிலைத் தோட்ட வேலை முடிந்து திரும்பிய ஜீப் பள்ளத்தில் விழுந்தது. ஒன்பது பெண்கள் இறந்தார்கள். அது தேயிலை, இது ஏலம். அது வயநாடு, இது இடுக்கி. ஆனால் ஜீப்பும் நேரமும் சாயங்கால இறக்கமும் ஒன்றுதான்.

இன்றைக்கு அசல் ஜீப் கம்பெனி இந்தியாவில் இருக்கிறது. 2016 ஆகஸ்டில் வந்தது. ராங்ளருக்கு அப்போது வைத்த விலை எழுபது லட்சத்துக்கு மேல். மகிந்திராவோ கமாண்டர், மேஜர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, 2010-ல் தார் கொண்டுவந்து, 2020-ல் அதைப் பளபளப்பாக்கியது. கல்யாண மாப்பிள்ளைகளும் யூடியூபர்களும் ஏறுகிற வண்டி. நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அதில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்ற முடியாது. கம்பம்மெட்டில் ஏறுவது இன்றும் நிறுத்தப்பட்ட மாடல்கள்தான், எஃப்.சி.க்குப் பெயிண்ட் அடித்து, வெல்டிங் வைத்து.

நடுவில் அமெரிக்காவில் ஒரு வழக்கும் நடந்தது. மகிந்திரா 2018-ல் மிச்சிகனில் ‘ரோக்ஸர்’ என்று ஒரு காட்டு வண்டியைப் பூட்டி விற்க ஆரம்பித்ததும், ஜீப்பின் அன்றைய முதலாளியான ஃபியட் கிரைஸ்லர் புகார் கொடுத்தது. தட்டையான பக்கங்கள், வெளியே தெரியும் பானட் கொக்கி, பெட்டி மாதிரி உடம்பு, இதெல்லாம் எங்கள் சாயல் என்றார்கள். 2020-ல் அமெரிக்க சர்வதேச வர்த்தக ஆணையம் அதை ஒப்புக்கொண்டது. மகிந்திரா முகத்தை மாற்றியது. மாற்றிய முகம் பற்றியும் வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது. பாண்டம் கம்பெனியிலிருந்து யாராவது உயிரோடு இருந்திருந்தால் சிரித்திருப்பார்கள்.

கம்பம்மெட்டு சோதனைச் சாவடியில் நடக்கும் வாதம் தலைக்கணக்கைப் பற்றியது. அனுமதிச் சீட்டில் எழுதிய எண்ணிக்கை ஒன்று, உள்ளே இருப்பது இன்னொன்று. அபராதம் டிரைவருக்கு. ஆளைக் குறைத்தால் டிரிப்புக்குக் கிடைப்பது டீசலுக்கே காணாது என்று அவர் சொல்வார், அந்தக் கணக்கிலும் தப்பில்லை. ஆள் ஏற்றச் சொன்ன தோட்டத்துக்காரர் அந்த இடத்தில் இருக்கமாட்டார். அந்த நேரத்துக்கு அந்தத் தோட்டத்துக்குப் போகும் பஸ் கிடையாது. இறக்கிவிடப்பட்ட பெண்களுக்கு அன்றைய கூலி போச்சு. அதனால் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு அடுத்த வளைவுவரை நடந்துபோய், அங்கே காத்திருக்கும் அதே ஜீப்பில் ஏறிக்கொள்வதும் உண்டு.