பறந்த பெட்டியும் நடந்த மனிதரும்

பறவை செல்லும் வழியில் அளந்தால், மூணாற்றுக்கும் போடிநாயக்கனூருக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 33 கிலோமீட்டரே. மணிக்கு 700 கிலோமீட்டர் விரையும் வானூர்தி இதனை மூன்று நிமிடத்திற்குள் கடந்துவிடும். போடிமெட்டு வழியே வளைந்து வளைந்து ஏறும் சாலையோ ஏறத்தாழ 70 கிலோமீட்டர். பேருந்தில் இரண்டு மணி நேரத்திற்கு மேலாகும். சாலையே இல்லாத நாளில் நம் முன்னோர் இம்மலையை எங்ஙனம் கடந்தனர்?

பாலக்காட்டுப் பக்கம் குடியேறியோர் ஒருவகையில் பேறு பெற்றோர். அங்கே மலையே விலகி, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்திற்கு வழி விட்டிருக்கிறது. 1862ஆம் ஆண்டிலேயே சென்னையிலிருந்து அக்கணவாய் வழியாகப் பேப்பூர் வரை இருப்புப் பாதை அமைந்துவிட்டது. நம் மலையில் அத்தகைய வாயில் இல்லை.

1877இல் ஜான் டேனியல் மன்றோ என்பார் பூஞ்ஞாற்று அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகையாகப் பெற்றார். பின்னர்த் தேயிலை பெருகிற்று. விளைந்ததைத் துறைமுகம் சேர்ப்பது எப்படி என்பதே தோட்டத்தாரின் கவலையாயிற்று. 1902இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளம் இட்டனர். வண்டியின் சிறு சக்கரங்கள் தண்டவாளத்தின் மேல் ஓடும், பெருஞ்சக்கரம் ஒன்று பக்கத்துத் தரையில் உருண்டு வண்டியைச் சாயாது காக்கும், மாடுகள் இழுக்கும். 1908இல் இதனை நீக்கி, இரண்டடி அகலப் பாதையில் நீராவி வண்டியே ஓட்டினர். அப்பாதை முடிந்த மலைமுகடே டாப் ஸ்டேஷன். பெயரைக் கேட்டு அங்கே புகைவண்டி நிலையத்தைத் தேடுவோர் இன்றும் உளர்!

முகட்டிலிருந்து தேயிலைப் பெட்டிகள் வான்வழியே சென்றன. ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நீண்ட கம்பிவடத்தில் தொங்கியவாறு பள்ளத்தாக்கின் மேலே மிதந்து கோட்டகுடியில் இறங்கின. அங்கிருந்து 15 கிலோமீட்டர் மாட்டு வண்டியில் போடி சேர்ந்தன. பின் கடல் கடந்து இங்கிலாந்து வரை சென்றன.

அப்பெட்டிகளை நிரப்பியவர் திருநெல்வேலி, மதுரைச் சீமைகளிலிருந்து கங்காணிமார் அழைத்து வந்த தமிழ் மக்கள். கம்பிவடம் சரக்குக்கென அமைந்தது. மக்கள் மலை ஏறியது கால்நடையாகத்தான். எங்கள் பூட்டியார் கைக்குழந்தையோடு ஏறி வந்த கதையை என் தந்தையார் பலமுறை சொல்லக் கேட்டிருக்கிறேன். வழியில் ஓரிரவு பாறை ஒதுக்கில் தங்கினராம். பெட்டி பறந்த பாதையும் மனிதர் நடந்த பாதையும் ஒரே மலைச்சரிவில் இருந்தன என்பதை எண்ணுந்தோறும் என் நெஞ்சம் அமைதி கொள்வதில்லை.

1924 ஜூலையில், கொல்லம் ஆண்டு 1099இல், வந்த பெருவெள்ளம் மூணாற்று இருப்புப் பாதையை வாரிக்கொண்டு போயிற்று. அது மீண்டும் இடப்படவில்லை. விந்தை யாதெனில், மதுரையிலிருந்து போடிக்கு இருப்புப் பாதை வந்தது அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்தே. அதுவும் இரண்டாம் உலகப் போரின்போது பெயர்த்தெடுக்கப்பட்டு, போர் ஓய்ந்து பல்லாண்டு சென்ற பின்னரே மீண்டும் இடப்பட்டது. 2010இன் இறுதியில் அகலப் பாதைப் பணிக்காக நிறுத்தப்பட்டு, 2023 ஜூனில் போடிக்கு மீண்டும் வண்டி வந்தது.

கொச்சியில் வானூர்தி ஏறினால் சென்னைக்கு ஒரு மணிக்குச் சற்று மேல். ஆயின் மூணாற்றிலிருந்து நெடும்பாசேரி நிலையத்தை அடைவதற்குள், அதுபோல் இரண்டு மூன்று பயணம் செய்யும் நேரம் கழிந்துவிடும். போடியில் வண்டி விட்டு இறங்குவோர்க்கும் மலை அதே மலைதான்.