மாதவிடாய் நிற்கும் வயது: பரம்பரையும் சூழலும்

"அம்மாவுக்கு 50 வயது வரை வந்தது. எனக்கு 42-லேயே நின்றுவிட்டது. உடம்பில் ஏதும் கோளாறா?" நாகமலை புதுக்கோட்டை போன்ற நம் ஊர்களில் பெண்கள் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி இது. பலர் கேட்பதே இல்லை.

தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராவிட்டால் அது நின்றுவிட்டதாக மருத்துவர்கள் கொள்கிறார்கள். இந்தியப் பெண்களுக்கு இது சராசரியாக 46, 47 வயதில் நிகழ்கிறது. மேலை நாடுகளில் சுமார் 51. 45-க்கு முன் நின்றால் சீக்கிரம். 40-க்கு முன் நின்றால் கட்டாயம் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பரம்பரையின் பங்கு

பெண் குழந்தை பிறக்கும்போதே அதன் சினைப்பையில் 10 முதல் 20 லட்சம் கருமுட்டைகள் இருக்கும். புதிதாக உருவாவதில்லை, குறைந்துகொண்டேதான் வரும். குறையும் வேகத்தில் ஏறத்தாழ பாதி மரபணுவைப் பொறுத்தது என்று இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. தாய்க்கோ சகோதரிக்கோ சீக்கிரம் நின்றிருந்தால் உங்களுக்கும் அந்த வாய்ப்பு அதிகம். எனவே திருமண வயதில் மகள் இருந்தால், உங்களுக்கு எந்த வயதில் நின்றது என்பதை அவளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். குழந்தைப் பேற்றைத் திட்டமிட அது உதவும்.

சூழலின் பங்கு

இதில் தெளிவாக நிரூபிக்கப்பட்டது புகைதான். புகைக்கும் பெண்களுக்கு ஓரிரு ஆண்டுகள் முன்னதாகவே நிற்கிறது. புகையிலுள்ள நச்சு கருமுட்டைகளை அழிக்கிறது. "நம் பெண்கள் புகைப்பதில்லையே" என்று ஆண்கள் ஒதுங்கிவிட முடியாது. வீட்டுக்குள் நீங்கள் ஊதும் பீடி, சிகரெட் புகையைச் சுவாசிப்பது அவர்கள்தான். வறுமை, ஊட்டக்குறைவு, மெலிந்த உடல் ஆகியவையும் வயதை முன்னுக்குத் தள்ளுகின்றன. புற்றுநோய்க்கான கீமோ, கதிர்வீச்சு சிகிச்சைகளாலும் நிற்கலாம்.

அறுவை சிகிச்சையில் அவசரம் வேண்டாம்

மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் பலர், வேலை நாள் வீணாகக் கூடாதென்று இளம் வயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டது 2019-இல் வெளிச்சத்துக்கு வந்தது. மாநில அரசு விசாரணைக் குழு அமைத்தது. சினைப்பைகளையும் சேர்த்து எடுத்தால் ஹார்மோன் உடனே நின்றுவிடும். அவற்றை விட்டுவைத்தாலும் மெனோபாஸ் முந்தக்கூடும். எனவே அதிக உதிரப்போக்குக்கு மருந்து உண்டா என்று முதலில் கேளுங்கள். இரண்டாவது மருத்துவரின் கருத்தையும் பெறுங்கள்.

சீக்கிரம் நின்றால்

எலும்புத் தேய்வும் இதய நோயும் வரும் வாய்ப்பு கூடுகிறது. கர்ப்பம், தைராய்டு ஆகியவற்றாலும் மாதவிடாய் தள்ளிப்போகும் என்பதால் பரிசோதனை அவசியம். நின்று ஓராண்டு கழித்து மீண்டும் உதிரம் கண்டால் ஒரு துளியானாலும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மார்க்கச் சட்டமும் இதைத் தொடுகிறது. மாதவிடாய் அற்றுப்போன பெண்ணுக்குத் தலாக்கின் இத்தா மூன்று மாதங்கள் என்கிறது குர்ஆன் (65:4). ஆனால் அற்றுப்போகும் வயதாக ஹனஃபி மத்ஹபில் 55-ம் ஷாஃபிஈ மத்ஹபில் 62-ம் பிரபலமாகச் சொல்லப்படுகின்றன. ஆகவே இளம் வயதில் நின்றவர்கள் தாமாகக் கணக்கிடாமல், மருத்துவரின் அறிக்கையோடு ஆலிமிடம் கேட்பதே சரி.

சீக்கிரம் நிற்பது பெண்ணின் குற்றமுமல்ல, குறையுமல்ல. கணவரும் மாமியாரும் இதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.