பொதிகளைத் தெரியும் மொழி

திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டைக் கரையின் கறுத்த மணலை உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள். அங்கே இல்மனைற்றைக் காந்தம் ஈர்த்தெடுக்கும். மின் கடத்தும் ரூட்டைலையும் கடத்தாத சிர்க்கோனையும் மின்விசை பிரித்துவிடும். மணல் ஓடும்போதே தேர்வும் நடந்தேறும். ஆனால் காந்தத்தை வேறொன்றை ஈர்க்கச் சொன்னால் ஈர்க்குமா? அதன் இயல்பு அவ்வளவே.

இணையச் சந்திகளிலுள்ள சில்லுகளும் நெடுங்காலம் அந்தக் காந்தம் போன்றே இருந்தன. செய்திகள் சிறு பொதிகளாய் வரும். ஒவ்வொன்றின் முகவரிச்சீட்டையும் வாசித்து, சில்லு வழி சொல்லவேண்டும். விநாடிக்கு நூறு கோடி பொதிகள் வரினும் நின்று யோசிக்கலாகாது. ஆகவே விதிகளைச் சில்லிலேயே பொறித்துவிட்டார்கள். புதுவகைச் சீட்டொன்றை வாசிக்கவேண்டுமெனில் புதுச் சில்லு வரும்வரை, சில வேளை ஆண்டுக்கணக்கில், காத்திருக்க நேர்ந்தது. ஓபன்ஃபுளோ என்னும் ஏற்பாடு 2009இல் சீட்டின் 12 கூறுகளை அறிந்திருந்தது, 2013இல் 41. அதுவும் போதவில்லை.

2014இல் நிக் மக்கியோன், ஜெனிபர் ரெக்ஸ்போர்ட், ஜார்ஜ் வர்கீஸ் முதலானோர் பி-4 என்னும் கணினிமொழியை அறிமுகஞ் செய்தனர். எதை வாசிப்பது, வாசித்தபின் என்ன செய்வது என்பதை இனிச் சில்லின் உடையவரே எழுதலாம். சென்னை ஐ.ஐ.டி.யிற் பயின்ற அனிருத் சிவராமனும் உடனாய்வாளரும் 2016இல் டொமினோ என்னும் மொழியை வெளியிட்டனர். முழு வேகத்தில் ஓடமாட்டாத நிரலை அதன் தொகுப்பி அடியோடு மறுத்துவிடும். மெல்ல ஓடவிட்டு ஏமாற்றுவதினும் அந்தக் கண்டிப்பே மேலென்பேன்.

பி-4க்கெனப் பிறந்த டொஃபினோ சில்லின் புதிய தலைமுறைகளை இன்டெல் நிறுவனம் 2023இல் கைவிட்டது. மொழியோ பிணைய அட்டைகளிலுள்ள வேறு சில்லுகளிற் குடிபுகுந்துள்ளது.