பந்தயக் காரும் காப்புக்கூண்டும்

பழந்தமிழர் தேரின் ஒவ்வோர் உறுப்புக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருந்தனர். அச்சு, ஆர், சூட்டு என்பவற்றோடு கொடிஞ்சி என ஓர் உறுப்பும் உண்டு. தேர்த்தட்டின் முன்புறத்தில் தாமரை மொட்டு வடிவில் நின்று, தேரூர்பவர் கைப்பற்றிக்கொள்ள உதவியது அது. விரையும் ஊர்தியில் மனிதனுக்கு ஒரு பிடி வேண்டும் என்னும் எண்ணம் அத்துணைப் பழமையுடையது. ஆனால், அவ்வூர்தியே தலைகீழாகக் கவிழ்ந்தால் அவனைக் காப்பது எது? மோட்டார்ப் பந்தயம் பிறந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழியும் வரை இவ்வினாவை எவரும் சட்டமாக்கி விடை தேடவில்லை. பின்னர் வந்த விடைக்குப் பட்டறைகளில் வழங்கும் பெயர் 'ரோல் கேஜ்'. தமிழில் காப்புக்கூண்டு எனலாம்.

தெப்ராவ் என்னும் பெயர் ஜொகூரில் ஓர் ஆற்றுக்கும், ஒரு முக்கிமுக்கும், அம்மாநிலத்தைச் சிங்கப்பூரினின்று பிரிக்கும் நீரிணைக்கும் உரியது. மிளகும் காம்பிரும் விளைந்த அந்நிலத்தில் ரப்பர் வந்தது. ரப்பரோடு தமிழரும் வந்தனர். 1924ஆம் ஆண்டு ஜொகூர்ப் பாலம் முறையாகத் திறக்கப்பட்டபின் நீரிணையின் இரு கரைகளும் சாலையால் இணைந்தன. அந்நீரிணையின் கரையிலுள்ள ஜொகூர் பாருவின் தெருக்களில் 1940ஆம் ஆண்டு ஜொகூர் கிராண்ட் பிரீ பந்தயம் முதன்முறையாக நடைபெற்றது. அன்றாடம் மக்கள் நடமாடும் தெருவே பந்தயத்தடம். மேற்கூரையற்ற சிறிய விளையாட்டுக் காரில், இருக்கைப் பட்டையுமின்றி ஓட்டுநர் அமர்ந்திருந்தார்.

அன்றைய ஓட்டுநர்கள் பட்டை அணியாததை அறியாமை என்று தள்ளிவிடுதல் முறையன்று. கவிழும் காருக்குள் கட்டுண்டு நசுங்குவதினும், தீயில் சிக்குவதினும், வெளியே தூக்கியெறியப்படுவது மேல் என்று அவர்கள் கருதினர். காப்பு வளைவு இல்லாத திறந்த காரைப் பொறுத்தவரை அக்கருத்தில் ஓரளவு நியாயமும் இருந்தது. பட்டை மனிதனை இருக்கையோடு பிணைக்கிறது. அவன் தலைக்கு மேல் தாங்குவதற்கு ஒன்றுமில்லையேல், அப்பிணைப்பே அவனுக்குப் பகையாகும். எனவே பட்டையும் கூண்டும் ஒன்றையொன்று வேண்டி நிற்பவை. ஒன்றை மட்டும் பொருத்துவது பாதி வேலையன்று, தவறான வேலை.

நீரிணைக்குத் தெற்கே, சிங்கப்பூரின் பழைய அப்பர் தாம்சன் சாலையில் 1961 முதல் 1973 வரை நடந்த பந்தயங்கள் இவ்வட்டாரத்தின் நினைவில் இன்றும் நிற்கின்றன. ஏறத்தாழ 4.8 கிலோமீட்டர் நீளமுள்ள அத்தடத்தில் ஒரு வளைவுக்குச் 'சாத்தான் வளைவு' என்றே பெயர். சாலையோரத்தில் மரங்களும் விளக்குக் கம்பங்களும் மழைநீர்க் கால்வாய்களும் இருந்தன. 1961இல் ஆஸ்டன் மார்ட்டினும், 1962இல் ஜாகுவார் இ-டைப்பும், 1963இல் லோட்டஸ் 23ம் அங்கு வெற்றி பெற்றன. இன்று தொன்மைக் கார் என்று போற்றப்படுபவை இவைதாம். 1972, 1973 ஆகிய இரு ஆண்டுகளிலும் அங்கு உயிரிழப்பு நேர்ந்தது. அத்தோடு பந்தயமும் நின்றது.

கூண்டின் வரலாறு தொடங்கியதோ அமெரிக்காவில். அங்குச் சாதாரண ஊர்திகளை வைத்து நடத்தப்பட்ட நாஸ்கார் பந்தயங்களில், 1952ஆம் ஆண்டளவில், தலைக்கு மேலான காப்பு வளைவு கட்டாயமாயிற்று. அவ்வாண்டு டேட்டோனா கடற்கரையில் நடந்த பந்தயமொன்றில் டிம் ஃபிளாக் என்பவர் முதலாவதாக வந்தும் வெற்றியை இழந்தார். அவருடைய காரில் இருந்த காப்பு வளைவு மரத்தால் செய்யப்பட்டிருந்தது! நகைப்புக்குரிய செய்திதான், ஆயினும் விதி வந்த புதிதில் மனிதர் அதனை எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி வேறில்லை. விதியின் சொல் நிறைவேறியது, பொருள் நிறைவேறவில்லை. 1961இல் ஃபார்முலா ஒன் கார்களுக்கும் காப்பு வளைவு கட்டாயமாக்கப்பட்டபோது, பலவற்றில் அது ஓட்டுநரின் தலைக்கவசத்தின் உயரத்தைக்கூட எட்டவில்லை.

இனி, கூண்டு கட்டும் முறையைச் சற்று விரிவாகக் காண்போம். ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னே, காரின் அகலம் முழுவதும் எழுந்து வளையும் தலைமை வளைவே கூண்டின் உயிர்நிலை. முன்கண்ணாடியின் ஓரமாக மற்றொரு வளைவு செல்லும். இரண்டையும் மேலே நெடுங்குழாய்கள் இணைக்கும். தலைமை வளைவிலிருந்து பின்னோக்கி இறங்கும் முட்டுக்குழாய்கள் செங்குத்துக் கோட்டிலிருந்து குறைந்தது 30 பாகை சாய்ந்திருத்தல் வேண்டும். நாற்கோணச் சட்டம் ஒன்றைப் பக்கவாட்டில் தள்ளினால் அது சாய்ந்துவிடும். ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குக் குறுக்குச் சட்டம் அடித்துவிட்டால் அசையாது. ஓலைக் கொட்டகைக்குக் குறுக்குக் கழி கட்டிய எவரும் அறிந்த உண்மை இது. கூண்டிலும் அந்த மூலைவிட்டக் குழாயே பக்கவாட்டு விசையைத் தாங்குகிறது.

குழாயின் தரம் அடுத்தது. அனைத்துலக மோட்டார் வாகனக் கூட்டமைப்பின் விதிகள், குளிர்நிலையில் இழுக்கப்பட்ட, இணைப்புத் தையலற்ற கரிம எஃகையே ஏற்கின்றன. தலைமை வளைவுக்கு 45 மில்லிமீட்டர் விட்டமும் 2.5 மில்லிமீட்டர் கனமும், அல்லது 50க்கு 2.0 என்ற அளவும் வேண்டும். ஏனையவற்றுக்கு 38க்கு 2.5, அல்லது 40க்கு 2.0. வளைக்கும்போது வளைவின் ஆரம் குழாயின் விட்டத்தைப்போல் மும்மடங்கிற்குக் குறையலாகாது. குறைந்தால் குழாய் நசுங்கி, அவ்விடத்திலேயே பின்னர் மடியும். தண்ணீர்க் குழாயைக் கொண்டு கூண்டு கட்டுவது பேதைமை. அதன் நீளவாட்டுத் தையல் பிளந்துவிடும். அதன் மேற்பூச்சான துத்தநாகம் பற்றவைப்பவரின் நுரையீரலையும் கெடுக்கும்.

குழாயின் முனையை, அது பொருந்தவேண்டிய குழாயின் உருட்சிக்கேற்பப் பிறைபோல் குடைந்து, இடைவெளியின்றி அமைத்த பின்னரே பற்றவைக்க வேண்டும். கூரையை ஒட்டிய மூட்டுகளின் மேற்புறத்தில் பற்றவைப்புக் கருவி நுழைய இடமிராது. தேர்ந்த கைவினைஞர் இதற்கு ஒரு வழி கண்டனர். கூண்டின் கால்கள் நிற்கவேண்டிய இடங்களில் தரைத்தகட்டைத் துளைத்துக் கூண்டையே கீழிறக்குவர். மேல்மூட்டுகளை முழுச்சுற்றும் பற்றவைத்தபின் கூண்டைத் தூக்கி, துளைகளின் மேல் பாததகடுகளை வைத்து மூடுவர். திருகாணியால் பொருத்தப்படும் கூண்டாயின், ஒவ்வொரு பாதத்துக்கும் குறைந்தது மூன்று திருகாணிகளும், அடியில் 3 மில்லிமீட்டர் கனமும் 120 சதுர சென்டிமீட்டர் பரப்பும் உடைய வலுவூட்டுத் தகடும் வேண்டும். காலூன்றும் இடம் வலுவற்றதானால், கூண்டு எத்துணை உறுதியாயினும் தரையைக் கிழித்துக்கொண்டு இறங்கிவிடும்.

தொன்மைக் கார்களில் இடர்ப்பாடு மிகுவதும் இவ்விடத்தில்தான். 1945இல் வெளிவந்த எம்.ஜி. டி.சி. காரின் மேனிக்கு உள்ளே இருப்பது மரச்சட்டம். அதில் கூண்டை முடுக்கினால் டிம் ஃபிளாக்கின் கதைதான் மீண்டும். கீழேயுள்ள இரும்பு அடிச்சட்டத்தைத் தேடிச் சென்றே காலூன்ற வேண்டும். 1962இன் லோட்டஸ் எலானுக்குக் கண்ணாடியிழை மேனி; வலிமையெல்லாம் நடுவே முதுகெலும்புபோல் ஓடும் எஃகுச் சட்டத்தில் அடங்கியுள்ளது. அதே ஆண்டின் எம்.ஜி.பி. காரிலோ மேனியே சட்டம்; துருப்பிடித்த கதவடி விளிம்பை முதலில் மாற்றாமல் கூண்டு வைப்பது வீண். ஒரே கூண்டை மூன்றுக்கும் பொருத்த இயலாது.

இங்கு ஒரு வழக்கு எழுகிறது. பழைய காரைத் துளைப்பதும் பற்றவைப்பதும் அதன் வரலாற்றுச் சான்றை அழிப்பதாகும் என்பர் சிலர். ஓவியத்தின் மேல் ஆணியடிப்பதற்கு இதனை ஒப்பிடுவோரும் உளர். அவ்வாதம் காட்சிக்கூடத்தில் நிற்கும் காருக்குப் பொருந்தும். பந்தயத்தடத்தில் இறக்கப்படும் காருக்கு அது பொருந்தாது; ஏனெனில் அதனுள் அமர்ந்திருப்பவர் காட்சிப்பொருள் அல்லர். கழற்றக்கூடிய கூண்டு ஓரளவு இணக்கமான தீர்வு. எனினும் தலைக்கவசமின்றிச் சாலையில் ஓட்டும்போது அதே கூண்டு மண்டையைப் பிளக்கும் இரும்பு என்பதையும் மறக்கலாகாது. தலை படக்கூடிய இடங்களில் மெத்தையுறை கட்டாயம்.

தமிழ்நாட்டுப் பட்டறைகளும் இக்கலைக்குப் புதியவை அல்ல. 1953இல் சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் தோன்றி, சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயங்களை வளர்த்தது. 1990இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வந்தது. கோயம்புத்தூரில் கரிவரதன் 1980களின் இறுதியில் மாருதிப் பொறிகளைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார்.

தெப்ராவுக்குக் கிழக்கே பாசிர் கூடாங்கில் 1986இல் திறக்கப்பட்ட பந்தயத்தடம், 1998இல் மலேசிய மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரீயை நடத்தியது. மறு ஆண்டு சிப்பாங் தடம் திறக்கப்படவே அப்பெருமை அங்குச் சென்றது. பாசிர் கூடாங் தடம் இன்று இல்லை. தெப்ராவின் ரப்பர்க் காடுகள் இருந்த நிலத்தில் தொழிற்கூடங்களும் வாகனப் பட்டறைகளும் வீடமைப்புப் பகுதிகளும் எழுந்துவிட்டன.

வண்ணம் பூசிய கூண்டின் குழாய் 2.5 மில்லிமீட்டர் கனமுடையதா, 1.5தானா என்பதைக் கண்ணால் அறிய இயலாது. ஆகவே அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் கிளப்பின் விதி, வலிமைக்கு ஊறு நேராத ஓரிடத்தில் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் அளவுள்ள சிறு துளையிடச் சொல்கிறது. கார் பந்தயத்திற்குச் செல்லுமுன் ஆய்வாளர் அத்துளையின் வழியே குழாயின் கனத்தை அளப்பார்.