சாட்சியாக ஒரு பியானோ: கேப்டவுன் அப்துல்லாஹ் இப்ராஹீமின் இசை வாழ்வு

இமாம் நவவி (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' நூலைப் பாடம் நடத்திய எவரும் ஒரு செய்தியைக் கவனித்திருப்பர். இசைக் கருவிகள் பற்றிய சட்டத்தை இமாம் அவர்கள் தனிப் பாடமாக வகுக்கவில்லை. 'கிதாபுஷ் ஷஹாதாத்' எனும் சாட்சியங்களின் பாடத்திலேயே அதனைக் கூறுகின்றார்கள். யாருடைய சாட்சியத்தை நீதிபதி ஏற்கலாம், யாருடையதை ஏற்கலாகாது என்ற ஆய்வின் ஊடே தந்திக் கருவிகளும் குழலும் தஃபும் இடம்பெறுகின்றன. திருமணத்திலும் கத்னாவிலும் தஃப் முழக்குவது ஆகும்; தந்திக் கருவிகள் ஆகா; இடையன் ஊதும் குழலைப் பொறுத்தவரை இமாம் ராஃபியீ (ரஹ்) அவர்களுக்கும் இமாம் நவவி (ரஹ்) அவர்களுக்கும் இடையே கருத்து வேறுபாடு உண்டு. இவ்விடத்தை ஓதும்போதெல்லாம் நம் நினைவில் ஒரு மனிதர் வந்து நிற்கின்றார். அவர் முஸ்லிம்; ஹஜ்ஜை நிறைவேற்றியவர்; தொழிலால் பியானோ வாசிப்பவர். ஒரு சமூகம் பட்ட துயரத்திற்கு அவருடைய பியானோவே சாட்சியாக நின்றது. அச்சாட்சியத்தை நாம் என்ன செய்வது?

தென்னாப்பிரிக்காவின் ஜாஸ் இசைக் கலைஞர் அப்துல்லாஹ் இப்ராஹீமையே இங்குக் குறிப்பிடுகின்றோம். அவருடைய வரலாற்றை எழுதுவதே நம் நோக்கம், ஃபத்வா வழங்குவதன்று. எனினும் மார்க்கச் சட்டத்தைப் படித்தவன் வரலாறு எழுதும்போது எழும் இடர்ப்பாட்டை மறைக்கவும் விரும்பவில்லை.

கேப்டவுனும் நம் கரைகளும்

அப்துல்லாஹ் இப்ராஹீமைப் புரிந்துகொள்ள அவர் பிறந்த ஊரை முதலில் அறிதல் வேண்டும். 1652 இல் டச்சுக்காரர் ஆப்பிரிக்காவின் தென்முனையில் குடியேறினர். பின்னர் கீழ்த்திசைத் தீவுகள், வங்காளம், மலபார், சோழமண்டலக் கரை, இலங்கை, மடகாஸ்கர், மொசாம்பிக் ஆகிய இடங்களிலிருந்து மக்களை அடிமைகளாகக் கொணர்ந்தனர். டச்சு ஆட்சியை எதிர்த்த அறிஞர்களும் அங்கு நாடு கடத்தப்பட்டனர். அவர்களுள் தலையாயவர் மகாசர் நாட்டு ஷைகு யூசுஃப் (ரஹ்). முதலில் இலங்கையில் சிறைவைக்கப்பட்டிருந்த அவர்கள் 1694 இல் கேப் பகுதிக்கு அனுப்பப்பட்டு, 1699 இல் அங்கேயே மறைந்தார்கள். அடுத்த நூற்றாண்டில் திதோர் தீவிலிருந்து கைதியாக வந்த 'துவான் குரு' இமாம் அப்துல்லாஹ், ராபன் தீவுச் சிறையில் இருந்தபடியே திருக்குர்ஆனை நினைவிலிருந்து எழுதினார்கள். கேப்டவுனின் முதல் பள்ளிவாசலான 'அவ்வல்' பள்ளி 1794 இல் அமைந்ததாக மரபு கூறுகிறது.

அம்முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஷாஃபியீ மத்ஹபினர். நம் கடற்கரை ஊர்களைப் போலவே அங்கும் ஹத்தாது ராத்திபு ஓதப்படுகிறது. நாம் அரபு எழுத்தில் தமிழை எழுதி அரபுத்தமிழ் வளர்த்ததைப் போல, அவர்கள் அரபு எழுத்தில் ஆஃப்ரிகான்ஸ் மொழியை எழுதினர். அவ்வாறு எழுதப்பெற்ற அபூபக்கர் எஃபெந்தியின் 'பயானுத்தீன்' எனும் ஃபிக்ஹு நூல் 1877 இல் இஸ்தான்பூலில் அச்சேறியது.

அவ்வூருக்கென ஒரு தாளமும் உண்டு. 'கூமா' என்பது அதன் பெயர். பழைய மதுப் பீப்பாயின் ஒரு புறத்தில் தோலை இழுத்துக் கட்டிச் செய்த முரசிலிருந்து அப்பெயர் வந்தது. அடிமைகளின் வழித்தோன்றல்கள் புத்தாண்டு ஊர்வலங்களில் அம்முரசை முழக்கித் தெருக்களில் சென்றனர். ஆண்டையின் மதுவைச் சுமந்த பீப்பாய் அடிமையின் கையில் முரசானது. அத்தாளத்தைக் கேட்டே வளர்ந்தவர் நம் பியானோ கலைஞர்.

டாலர் பிராண்ட்

அவர் 1934 அக்டோபர் 9 அன்று கேப்டவுனில் பிறந்தார். இயற்பெயர் அடால்ஃப் யோஹான்னஸ் பிராண்ட். பாட்டியார் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோபல் திருச்சபையில் பியானோ வாசித்தவர். சிறுவர் ஏழு வயதில் பியானோ கற்கத் தொடங்கினார். துறைமுகத்திற்கு வரும் அமெரிக்கர்களிடம் டாலர் கொடுத்து ஜாஸ் இசைத்தட்டுகளை வாங்கியமையால் 'டாலர்' என்னும் பட்டப்பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டது. பதினைந்து வயதிலேயே தொழில்முறைக் கலைஞராகி, 'டாலர் பிராண்ட்' என அறியப்பட்டார்.

அவர் பதின்பருவத்தில் இருந்தபோதே இன ஒதுக்கல் ஆட்சி சட்ட வடிவம் பெற்றது. 1950 இல் வந்த மக்கள் பதிவுச் சட்டம் ஒவ்வொரு மனிதரையும் ஓர் இனப்பெட்டியில் அடைத்தது. அதே ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டம் எந்த இனத்தார் எந்தத் தெருவில் வாழலாம் என வரையறுத்தது. இந்நிலையில் 1959 இல் அவரும் ஹ்யூ மசெகேலா, கிப்பி மொகெட்ஸி, ஜோனாஸ் க்வாங்வா முதலியோரும் இணைந்து 'ஜாஸ் எபிசில்ஸ்' எனும் குழுவை அமைத்தனர். 1960 ஜனவரியில் அவர்கள் பதிவு செய்ததே தென்னாப்பிரிக்கக் கறுப்பினக் கலைஞர்களின் முதல் ஜாஸ் நெடுந்தட்டு.

அது பதிவாகி இரண்டு திங்கள் கழிவதற்குள், 1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில் காவல்துறை சுட்டதில் 69 பேர் மாண்டனர். நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. கலைஞர்கள் ஒருவர் பின் ஒருவராக நாட்டைவிட்டு வெளியேறினர். 1962 இல் பிராண்டும், பின்னாளில் அவர் மணந்துகொண்ட பாடகி சதீமா பீ பெஞ்சமினும் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரை அடைந்தனர்.

1963 இல் அமெரிக்க ஜாஸ் மேதை டியூக் எலிங்டன் அந்நகருக்கு வந்தார். சதீமாவின் வற்புறுத்தலுக்கு இணங்கி பிராண்டின் வாசிப்பைக் கேட்டவர், உடனே பாரிசில் ஓர் ஒலிப்பதிவுக்கு ஏற்பாடு செய்தார். 'டியூக் எலிங்டன் வழங்கும் டாலர் பிராண்ட் மூவர்' என்ற பொருளுடைய தலைப்பில் அது வெளியாயிற்று. 1965 இல் தம்பதியர் நியூயார்க் சென்றனர். 1966 இல் எலிங்டன் வர இயலாத சில நிகழ்ச்சிகளில் அவருடைய இசைக்குழுவையே பிராண்ட் தலைமையேற்று நடத்தினார்.

இஸ்லாத்தில் இணைதல்

1968 இல் கேப்டவுனுக்குத் திரும்பியிருந்தபோது அவர் இஸ்லாத்தைத் தழுவி, அப்துல்லாஹ் இப்ராஹீம் எனப் பெயர் சூட்டிக்கொண்டார். 1970 இல் மக்கா சென்று வந்தார்.

இங்கு ஒரு வேறுபாட்டை நாம் குறித்தாக வேண்டும். அமெரிக்க ஜாஸ் உலகில் இஸ்லாமியப் பெயர் பூண்டோர் பலர். அஹ்மத் ஜமால், யூசுஃப் லத்தீஃப், ஆர்ட் பிளேக்கி, மெக்காய் டைனர் ஆகியோர் அவ்வரிசையினர். இவர்கள் பெரும்பாலும் அஹ்மதிய்யா பரப்புநர்களின் வழியாக அப்பெயர்களை வந்தடைந்தோர். அது வேறொரு வரலாறு. அப்துல்லாஹ் இப்ராஹீமுக்கு இஸ்லாம் தொலைவிலிருந்து வந்த செய்தியன்று. பிறந்த ஊரின் மினாராக்களிலிருந்து நாள்தோறும் ஐந்து முறை கேட்ட அழைப்பே அது. 1973 இல் ஜானி டியானியுடன் இணைந்து செய்த பதிவில் பாங்கோசை அவருடைய இசைக்குள்ளேயே நுழைந்தது. 1977 இல் வெளிவந்த தொகுப்பொன்றில் 'ஹஜ்' என்றே ஒரு படைப்பு உள்ளது. பாங்கை இசைக் கருவிகளோடு சேர்ப்பதை நம் உலமாக்களில் பலர் ஏற்கமாட்டார்கள். நாமும் அதனைப் பரிந்துரைக்கவில்லை. நிகழ்ந்ததைப் பதிவு செய்கின்றோம்.

மானன்பெர்க்

கேப்டவுன் நகர நடுவே 'டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ்' என்றொரு வட்டாரம் இருந்தது. முஸ்லிம்கள், கிறித்தவர்கள், யூதர்கள், கறுப்பர்கள், கலப்பினத்தார் எனப் பலரும் நெருங்கி வாழ்ந்த இடம். 1966 பிப்ரவரி 11 அன்று அரசு அதனை வெள்ளையர் பகுதியென அறிவித்தது. அறுபதினாயிரத்திற்கும் மேற்பட்டோர் படிப்படியாக வெளியேற்றப்பட்டனர். வீடுகள் இயந்திரங்களால் தரைமட்டமாயின. பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் மட்டும் இடிக்கப்படாமல் வெற்று நிலத்தின் நடுவே நின்றன. மணல் வெளியில் எழுந்த புறநகர்களுக்குத் துரத்தப்பட்டோர், தொழுகைக்காகத் தம் பழைய மஹல்லாவை நாடித் திரும்பி வந்தனர். பள்ளி இருக்கிறது, மஹல்லா இல்லை என்னும் நிலையை எண்ணிப் பார்ப்போர்க்கு அதன் கொடுமை விளங்கும்.

அவ்வாறு மக்கள் கொண்டுபோய்க் கொட்டப்பட்ட புறநகர்களுள் ஒன்றே மானன்பெர்க். 1974 ஜூன் மாதத்தில் அப்துல்லாஹ் இப்ராஹீம், பேசில் குட்சே, ராபி ஜான்சன் முதலிய கேப்டவுன் கலைஞர்களோடு அவ்வூரின் பெயரிலேயே ஓர் இசையைப் பதிவு செய்தார். அதனைத் தயாரித்து வெளியிட்டவர் ஜொஹன்னஸ்பர்க்கில் இசைத்தட்டுக் கடை நடத்திய இந்திய வழி முஸ்லிமான ரஷீத் வாலி. அவர் தம் நிறுவனத்திற்கு 'அஷ்ஷம்ஸ்', அதாவது 'சூரியன்' எனப் பெயரிட்டிருந்தார்.

பதின்மூன்று நிமிடத்திற்கும் மேல் நீளும் அவ்விசையில் பெருங்கச்சேரிப் பியானோ இல்லை. சாதாரண நிமிர்நிலைப் பியானோவின் சுத்தியல்களில் குண்டூசிகளைக் குத்தி, ஏழைக் குடியிருப்புக் கேளிக்கையில் ஒலிக்கும் பழைய பியானோவின் கணீரோசையை வரவழைத்தனர். மிக எளிய மெட்டு. சில சுரக்கூட்டுகளே திரும்பத் திரும்ப வருகின்றன. வெளிவந்த சில வாரங்களிலேயே தட்டுகள் ஆயிரக்கணக்கில் விற்றன. 1980களில் இன ஒதுக்கலை எதிர்த்த ஐக்கிய ஜனநாயக முன்னணியின் கூட்டங்களில் குட்சேயும் ஜான்சனும் அதனை வாசித்தபோது, அது மக்களின் எழுச்சிக் கீதமாகவே கொள்ளப்பட்டது. குட்சேயின் பெயரோடு 'மானன்பெர்க்' என்பதும் சேர்ந்து வழங்கலாயிற்று.

1976 ஜூன் 16 அன்று சொவெட்டோவில் மாணவர் எழுச்சி வெடித்தது. அதன்பின் அப்துல்லாஹ் இப்ராஹீம் மீண்டும் நாடு துறந்து நியூயார்க்கில் வாழ்ந்தார். 1983 இல் அங்கு அவர் அமைத்த குழுவின் பெயர் 'எகாயா'. 'இல்லம்' என்பது அதன் பொருள். வீடிழந்தோரின் ஊர்ப்பெயரை இசைக்கு வைத்தவர், தாம் ஊரிழந்த நிலையில் குழுவுக்கு இல்லத்தின் பெயரை வைத்தார். 1990 இல் மண்டேலா விடுதலையான பின் தாயகம் திரும்பி, 1994 இல் அவருடைய பதவியேற்பு விழாவில் வாசித்தார். 2019 இல் அமெரிக்காவின் 'ஜாஸ் மாஸ்டர்' சிறப்பு அவருக்கு வழங்கப்பட்டது. அவருடைய தொண்ணூறாம் அகவை நிறைந்த 2024 ஆம் ஆண்டிலும் புதிய தொகுப்பொன்று வெளிவந்தது.

இசையின் இயல்பு

அவருடைய இசையில் நான்கு ஊற்றுகள் கலக்கின்றன. முதலாவது, பாட்டியாரின் திருச்சபைப் பாடல்களில் வரும் நிதானமான சுரக்கூட்டுகள். இரண்டாவது, கேப்டவுனின் கூமாத் தாளம். மூன்றாவது, ஜொஹன்னஸ்பர்க் சேரிகளின் திருட்டு மதுக்கூடங்களில் தோன்றிய 'மராபி' எனும் சுழல்நடை. நான்காவது, எலிங்டனிடமிருந்தும் தெலோனியஸ் மாங்கிடமிருந்தும் பெற்ற ஜாஸ் மொழி. மாங்கிடம் அவர் கற்றவற்றுள் முதன்மையானது சிக்கனம்: வாசிக்காமல் விடும் சுரத்திற்கும் பொருள் உண்டு என்பது.

இடக்கை ஒரே சொற்றொடரை நெடுநேரம் விடாது ஓதுவதுபோல் வாசிக்கும். அதன்மீது வலக்கை சிறு மெட்டொன்றை எடுத்துச் சற்றே அசைத்துவிட்டு வைத்துவிடும். தனிக் கச்சேரிகளில் ஒரு படைப்புக்கும் மற்றொன்றுக்கும் இடையே நிறுத்துவது அரிது. ஒன்று மற்றொன்றில் கரைந்து, ஒரு மணி நேரத்திற்கும் மேலாகக் கைதட்டலுக்கு இடமின்றித் தொடரும். முதுமையில் வேகம் குறைந்து மௌனங்கள் நீண்டன. ராத்திபு மஜ்லிசில் ஒரே திக்ரு மீண்டும் மீண்டும் ஓதப்படுகையில் நெஞ்சு படிப்படியாக அடங்குவதை அறிந்தவர்க்கு இந்நடை அயலானதாகத் தோன்றாது. திக்ரு வணக்கம், இசை வணக்கமன்று என்னும் எல்லைக்கோட்டை நாம் அழிக்கவில்லை. மீள்வதால் நெஞ்சம் ஆழ்கிறது என்ற மனித இயல்பையே சுட்டுகின்றோம்.

இரு சாட்சியங்கள்

பியானோவும் தந்திக் கருவியே. விசையை அழுத்த, உள்ளிருக்கும் சுத்தியல் தந்தியைத் தட்டுகிறது. ஆகவே நம் மத்ஹபின் வலுவான கூற்றுப்படி அதன் நிலை ஐயத்திற்கு இடமானதன்று. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா'வில் ஸமாஉ பற்றி விரிவாக ஆய்ந்து, இசை என்பதாலேயே ஒன்று ஆகாததாகிவிடாது என நிறுவினார்கள். தந்தி, குழல் கருவிகளை விலக்கியதற்கு அவை குடிப்போரின் அடையாளமாக இருந்ததைக் காரணமாகக் கூறினார்கள். மராபியின் பிறப்பிடத்தை நினைத்தால், அக்காரணம் இங்கும் பொருந்தாமலில்லை. இதனை மழுப்பி, 'கலைக்கு மார்க்கம் தடையில்லை' எனப் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவது கல்விக்கு நேர்மையன்று.

ஆனால் மறுபுறமும் உண்டு. நீதிமன்றத்தில் சாட்சி சொல்வோனின் தகுதியை நீதிபதி ஆராய்கின்றார். அது அவர் கடமை. வரலாற்றில், நடந்தது நடந்ததா என்பதே கேள்வி. டிஸ்ட்ரிக்ட் சிக்ஸின் வெளியேற்றத்தைப் பற்றி அரசு ஏடுகள் சட்டப்படி முத்திரையிட்ட ஆவணங்களோடு சாட்சி சொல்லின. அவற்றின் வடிவம் குறையற்றது, உள்ளடக்கம் அநீதி. குண்டூசி குத்திய பழைய பியானோ அதே செய்திக்கு மறுசாட்சி சொல்லிற்று. மக்கள் எதனைத் தம் சாட்சியமாக ஏற்றனர் என்பதை வரலாறு காட்டுகிறது.

அபுல் ஃபரஜ் இஸ்ஃபஹானியின் 'கிதாபுல் அகானீ'யை நம் முன்னோர் ஒதுக்கிவிடவில்லை. பாடகர்களின் வாழ்வைக் கூறும் அப்பெருநூலில் அரபுக் கவிதையும் சமூக வரலாறும் பொதிந்திருப்பதை அறிந்து, ஏற்பதை ஏற்று, மறுப்பதை மறுத்துப் பயன்கொண்டனர். சட்டத்தைத் தளர்த்தாமலும் செய்தியை மறைக்காமலும் இருக்க அவர்களால் முடிந்தது. அப்துல்லாஹ் இப்ராஹீமின் வரலாற்றையும் அவ்வாறே நம் மாணவர்க்குச் சொல்லலாம் என நாம் கருதுகின்றோம். நம்மைப் போலவே ராத்திபு ஓதிய, நம் மத்ஹபையே பின்பற்றிய, நம் கரையிலிருந்து கொண்டுசெல்லப்பட்டோரின் குருதியும் கலந்த ஒரு சமூகம் வீடிழந்து நின்ற கதையை நாம் நம் ஏடுகளில் படிக்கவில்லை. அதனை நம் செவிக்குக் கொணர்ந்தது ஒரு பியானோ. அதன் சட்டநிலை வேறு. அது சொன்ன செய்தியின் உண்மை வேறு. இவ்விரண்டையும் குழப்பாமல் ஏந்தும் பக்குவம் கல்வியுடையார்க்கு வேண்டும்.

அல்லாஹ்வே நன்கறிந்தவன்.