மூளையைத் தொடும் கேளா ஒலி

வினாடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலி நம் செவிக்கு எட்டாது. அதனைக் கேளா ஒலி என்பர். முதல் உலகப் போரின்போது, நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறிய பிரெஞ்சு விஞ்ஞானி பால் லாஞ்சவின் அதனைக் கடலில் செலுத்திப் பார்த்தார். ஒலிக்கற்றையின் குறுக்கே வந்த மீன்கள் மடிந்தன. நீருக்குள் கையை நீட்டியவர் வலியை உணர்ந்தனர். உயிருடல்மீது இவ்வொலிக்கு ஆற்றலுண்டு என்பது இவ்வாறு தற்செயலாகவே வெளிப்பட்டது.

பூதக்கண்ணாடியால் வெயிலைக் குவித்துக் காகிதத்தைக் கரிக்காத மாணவர் யார்? ஒலியையும் அவ்வாறே குவிக்கலாம். 1942 இல் கொலம்பியாப் பல்கலைக் கழகத்தில் லின் என்பாரும் அவர்தம் துணைவரும் குவிந்த ஒலியால் விலங்குகளின் மூளையைத் தாக்கினர். வழியிலிருந்த தோலும் புண்பட்டது.

இல்லினாய்ஸ் பல்கலைக் கழகத்தில் வில்லியம் ஃபிரை, பிரான்சிஸ் ஃபிரை என்னும் சகோதரர், பல கற்றைகளை ஒரே புள்ளியில் கூடச் செய்தனர். தனித்தனியே ஒவ்வொன்றும் மெலியது. கூடுமிடத்திலோ வலிமை மிக்கது. 1958 இல் அவர்கள் வெளியிட்ட சோதனையை நான் மிகப் பெரிதாகக் கருதுகிறேன். பூனையின் கண்முன் ஒளியை மின்னச் செய்து, அதனால் மூளைப் புறணியில் எழும் மின்துடிப்பை அளந்தனர். பிறகு, கண்ணின் செய்தியைப் புறணிக்கு அனுப்பும் இடைநிலையத்தில் ஒலியைக் குவித்தனர். துடிப்பு மூன்றிலொரு பங்கிற்கும் கீழே தாழ்ந்தது. ஒலியை நிறுத்தினர், அரைமணி நேரத்திற்குள் துடிப்பு பழைய அளவை எய்திற்று! திசுவைச் சோதித்தபோது புண் எதுவும் காணப்படவில்லை. சுட்டழிப்பது எளிது, உறங்கவைத்து ஊறின்றி எழுப்புவதன்றோ அரிது?

எனினும், மண்டையோட்டில் ஒரு பகுதியை அகற்றிய பின்னரே அன்று இது இயன்றது. எலும்பு ஒலியை விழுங்கிச் சூடேறும்; அதன் தடிமன் சீராக இல்லாமையால் குவியமும் சிதறும். பல நூறு சிறு ஒலிமூலங்களைக் கணிப்பொறியால் தனித்தனியே இயக்கிப் பிற்காலத்தார் இத்தடையைக் கடந்தனர். 2016 இல், மண்டையைத் திறவாமலே தலாமஸில் ஒரு புள்ளியைச் சுட்டுக் கைநடுக்கத்தைத் தணிக்கும் முறைக்கு அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது. ஆனால் அது மீளாத மாற்றம்.

மீளும் மாற்றத்தை நாடியவர் மெல்லிய ஒலியைக் கையாண்டனர். 2014 இல் லெகான், டைலர் முதலியோர் மனிதரின் தொடுவுணர்வுப் பகுதியில் அதனைச் செலுத்திய முடிவை வெளியிட்டனர். மணிக்கட்டு நரம்பைத் தூண்டினால் மூளையில் எழும் துடிப்பு, எதிர்பார்த்தபடியே தணிந்தது. ஆனால் தோலில் அருகருகே படும் இரு முனைகளைப் பிரித்தறியும் திறனோ, மங்குவதற்கு மாறாக, முன்னிலும் கூர்மையாயிற்று.