601203: மீஞ்சூர் பின்கோடை 'சி' மொழி பிரிப்பது எப்படி? ஒரு எழுத்து மாறினால் என்ன ஆகும்?

மீஞ்சூரின் பின்கோடு 601203. இதில் முதல் மூன்று இலக்கம் (601) கடிதங்களைப் பிரிக்கும் மாவட்டம். கடைசி மூன்று (203) தபால் நிலையம். 1972 ஆகஸ்ட் 15-ல் இந்த முறை அறிமுகமானது.

எப்படிப் பிரிக்கிறது?

'சி' மொழியில் இதற்கு 'எஸ்ஸ்கேன்எஃப்' என்ற ஃபங்ஷன் இருக்கு. '%3டி%3டி' என்று வடிவம் கொடுத்தால், மூன்று மூன்று இலக்கமாக எடுத்து 601, 203 என இரண்டு மாறிகளில் போட்டுவிடும்.

சிக்கல் எங்கே?

பூஜ்ஜியத்துக்குப் பதிலா ஆங்கில 'ஓ' எழுத்தைத் தட்டிட்டா? முதல் மாறியில் 6 மட்டும்தான் ஏறும். இரண்டாவதில் பழைய மதிப்பு அப்படியே இருக்கும். அதாவது, முந்தைய முகவரியின் தபால் நிலைய எண் இவருக்கும் ஒட்டிக்கொள்ளலாம். புரோகிராம் நிற்காது, எரரும் காட்டாது.

என்ன தீர்வு?

எத்தனை மாறி நிரம்பியது என்பதை இந்த ஃபங்ஷனே திருப்பிச் சொல்லும். மேலே சொன்ன தவறில் விடை 1. சரியாக இருந்தால் 2. ஆனால் 60120 என ஐந்து இலக்கம் கொடுத்தாலும் 2 வரும். அதனால் நீளம் 6 தானா என்பதையும் பார்க்கணும்.

இதையும் கவனிங்க

சென்னை ஜிபிஓ-வின் 600001-ல் கடைசி 001, எண்ணாகப் படித்தால் வெறும் 1 ஆகிவிடும். திரும்ப அச்சிடும்போது '%03டி' கொடுத்தால் பூஜ்ஜியங்கள் திரும்பிவிடும்.